தம்பியைச் சேர்த்த போலீஸ் கோச்சிங் சென்டர்: ஃபீஸ் கட்டிய அண்ணனின் ரிவ்யூ

காவலர் உடல்திறன் தேர்வில் மார்க் எல்லாமே ஸ்டார் கணக்கு. கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50-க்கு இரண்டு. 100 மீட்டரை 15 விநாடியில் முடித்தால் ஒன்று, 13.50-ல் முடித்தால் இரண்டு. தம்பியோடு அலைந்ததில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் ஐந்துக்கு இத்தனை என்று போடாமல், இந்த ரிவ்யூவையும் இரண்டு ஸ்டார் கணக்கிலேயே எழுதுகிறேன்.

சென்டர் பெயரைப் போடப் போவதில்லை. மாஸ்டர் கெட்டவர் இல்லை, இன்னும் பையன்கள் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் என்பது போதும். நான் டூவீலர் மெக்கானிக். தம்பி டிகிரி முடித்து, காக்கிச் சட்டை ஒன்றே குறி என்று இருந்தவன். 2023 ஆகஸ்டில் 3,359 இடங்களுக்கு இரண்டாம் நிலைக் காவலர் அறிவிப்பு வந்ததும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எழுத்துத் தேர்வு, கிரவுண்ட் இரண்டுக்கும் சேர்த்து 12,000 ரூபாய். தங்கிச் சாப்பிட மாதம் 4,000. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்தது. அன்றைக்கு அதை யார் படித்தார்கள்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பயிற்சிக்கு இரண்டு ஸ்டாரும் கொடுக்கலாம். மாஸ்டர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். காலை நாலரைக்கு விசில். முதல் பதினைந்து நாள் யாரையும் வேகமாக ஓட விடவில்லை, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடச் சொன்னார். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது 400 மீட்டர் ஒரு சுற்று என்றால் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. கேட்க லேசாக இருக்கும், ஓடிப் பார்த்தால் மூன்றாவது சுற்றில் தெரியும். சேரும்போது தம்பிக்கு 6.50 ஆனது. டிசம்பரில் 5.38. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒவ்வொருவன் டைமிங்கையும் நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டை எனக்கும் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

எழுத்து வகுப்பு பரவாயில்லை, ஒரு ஸ்டார். உளவியல் 25 கேள்விக்கு நன்றாகப் பழக்கினார்கள், பொது அறிவுக்கு ஜெராக்ஸ் கட்டுகள்தான். சாப்பாடு சுமார். கொண்டைக்கடலையும் இரண்டு முட்டையும் உண்டு, சாம்பாரைப் பற்றி கேட்காதீர்கள்.

டிசம்பர் 10 எழுத்துத் தேர்வு நன்றாகப் போனது. பிப்ரவரியில் பிசிக்கல். எழுத்துக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., விளையாட்டு மாதிரியான சிறப்பு மதிப்பெண் 6. ஆக இந்த 24-ல்தான் ஆளுக்கு ஆள் முந்துவார்கள். 1500 மீட்டர் ஓட்டத்துக்கு மார்க் கிடையாது, அது வாசல்படி. அதைத் தாண்டாதவன் கயிற்றைத் தொடவே முடியாது.

இனி அந்த மணல் குழி. நீளம் தாண்ட அவர்கள் போட்டிருந்தது ஆற்று மணல் இல்லை, எம்-சாண்ட். மார்கழிப் பனியும் ஒரு மழையும் பட்டு அது இறுகிக் கிடந்தது. விஷயம் நடந்த பிறகு நான் போய் வண்டிச் சாவியைக் குத்திப் பார்த்தேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. தாண்டுகிறவன் விழும் இடம் அது. தினமும் காலையில் கொத்திக் கிளறிவிட வேண்டும். கிளற ஆள் வைக்கவில்லை, பையன்களே முறை வைத்துக் கிளறுவார்களாம். அந்த வாரம் யார் முறை என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி மூன்றாவது வாரம், தேர்வுக்கு 19 நாள் இருக்கும்போது, சாயங்காலம் பத்து ரவுண்டு ஓடிக் களைத்த காலோடு தாண்டும் போட்டி வைத்திருக்கிறார்கள். தம்பி 4.60 தாண்டினான். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. "டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே" என்றான். மாஸ்டர் ஸ்ப்ரே அடித்து, "நடந்துக்கிட்டே இரு, சரியாயிரும்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் கால் பப்பாளி மாதிரி வீங்கியதும் கட்டு வைத்தியரிடம் அனுப்பினார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து ஒரு கட்டு, 600 ரூபாய்.

எனக்கு நாலாவது நாள்தான் தெரியும். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. டாக்டர் பாதத்தைப் பிடித்து அப்படி இப்படி அசைத்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. ஆறு வாரம் ஓடக் கூடாது" என்று ஓ.பி. சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு சென்டருக்குப் போனேன். தேர்வு நாளைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டு மனு எழுதலாமா, யாருக்கு எழுதுவது, இவருக்குத் தெரிந்திருக்குமே என்ற நினைப்பு.

மாஸ்டர் சீட்டை வாங்கிப் படித்தார். நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். "தம்பி, இதை யார்கிட்டயும் காட்டாதீங்க. நாளைக்கு மெடிக்கல்ல இவன் காலை மட்டும் தோண்டுவாங்க. ஊசி ஒண்ணு போட்டுட்டு ஓடட்டும். ஏழு நிமிஷம்தானே."

அவன் அவர் பேச்சைத்தான் கேட்டான். வலி ஊசி, கிரேப் பேண்டேஜ், அது தெரியாமல் இருக்க இரண்டு ஜோடி சாக்ஸ். இரண்டாவது சுற்று வரை கூட்டத்தோடு ஓடியிருக்கிறான். 7 நிமிடம் 9 விநாடி. 5.38 ஓடுகிற பையன்.

இதற்குத்தான் பூஜ்யம் ஸ்டார். கால் மடங்கியதற்கு இல்லை. விளையாட்டு என்றால் அடிபடும், என் ஷெட்டில் எனக்கே விரல் நசுங்கியிருக்கிறது. மனு கொடுத்திருந்தால் நாள் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. கொடுக்கவே விடவில்லை. அப்புறம் விசாரித்தால் அந்த பேட்சில் இவன் ஒருவன் மட்டும் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு மூன்று பேர், கயிறு ஏறி உள்ளங்கைத் தோல் உரிந்தவன் ஒருவன், இடுப்புப் பிடிப்பு ஒருவன். எல்லாரும் முழுக்கால் டிராக் பேண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடினார்கள். அடிபட்டேன் என்று சொன்னால் நஷ்டம் சொன்னவனுக்குத்தான் என்று அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சென்டரை மட்டும் திட்டி முடிக்க முடியாது என்பதும் தெரியும். அவர் சொன்னது தப்பு, ஆனால் அப்படிச் சொல்ல வைக்கும் ஏற்பாடு ஒன்று நாடு முழுக்க இருக்கிறது. மத்திய ஆயுதப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வில் உயரம், மார்பளவு குறைகிறது என்று வெளியே அனுப்பினால் மேல்முறையீடு செய்ய இடம் உண்டு. ஓட்டத்துக்கு அது கிடையாது. டேப்பைப் பற்றிச் சந்தேகம் எழுப்பலாம், காலைப் பற்றிப் பேசக் கூடாது. ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஆண்களை ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடவிட்டு, பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் ஓட்டத்தைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். உடம்பு முடியவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்ல முடிந்திருந்தால் அதில் நாலு பேராவது வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்களா என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே வருஷம் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. ரயில்வே பாதுகாப்புப் படைத் தேர்வுக்கு வந்த ஒரு பெண், கர்ப்பமாக இருந்ததால் உடல்திறன் தேர்வைத் தள்ளி வைக்கக் கேட்டு, மறுக்கப்பட்டவர். கர்ப்பத்தை நோய் மாதிரியும் ஊனம் மாதிரியும் பார்க்கக் கூடாது என்று சொல்லி, அவருக்குத் தேர்வு நடத்த உத்தரவிட்டார்கள். சரியான தீர்ப்பு. கர்ப்பமும் கால் சுளுக்கும் ஒன்றில்லை, அதைச் சேர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒருத்தருக்காக இன்னொரு நாள் ஓட்டம் வைத்தால் தேர்வே குலைந்துவிடும் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது.

அடிபட்டவனுக்கு ஓட இன்னொரு நாள் கொடுக்கலாமே என்று டீக்கடையில் சொன்னபோது கூட்டாளி ஒருவன் கேட்டான்: "ஆளாளுக்கு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து நின்னா?" வருவான்தான். பயிற்சி போதாதவன் இரண்டு வாரம் வாங்கப் பார்ப்பான். ஆனால் ஆக்சிடென்ட் ஆன வண்டி என் ஷெட்டுக்குத் தினமும் வருகிறது. இன்சூரன்ஸ் சர்வேயர் நேரில் பார்த்து, போட்டோ எடுத்து, எது பழைய நசுங்கல் எது புதுசு என்று விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு ரூபாய் தர மாட்டார். பொய் கிளெய்ம் வருகிறது என்பதற்காக கிளெய்மே கிடையாது என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை. அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் இருவர் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும். முடிவு வெளியாகும் முன் ஒரே ஒரு மாற்று நாள். அன்றும் முடியாவிட்டால் வீட்டுக்கு. அதே 1500 மீட்டர், அதே 7 நிமிடம். ஒரு விநாடி சலுகை வேண்டாம்.

ஆறு வாரம் காத்திருக்க மாட்டார்களே, தம்பிக்கே அது பயன்பட்டிருக்காது என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆனால் தேர்வன்று கயிற்றில் ஏறும்போதே விழுகிறவன், வருகிற வழியில் பஸ் கதவில் கால் நசுங்கியவன், முந்தின வாரம் டெங்குவில் படுத்தவன் என்று எத்தனையோ பேருக்குப் பத்துப் பதினைந்து நாள் போதும். இதில் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதுதான் பெரிய வலி. 2024-ல் இந்த வேலைக்கு அறிவிப்பே வரவில்லை, 2025 ஆகஸ்டில்தான் வந்தது. பொதுப்பிரிவில் வயது வரம்பு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28. ஒன்பது விநாடிக்கு ஒன்றரை வருஷம் என்றால் அந்தக் கணக்கைப் பையனிடம் எப்படிச் சொல்வது?

சேர்க்கப் போகிறவர்களுக்கு: டைமிங் நோட்டைப் பார்க்கும் முன் மணல் குழியைப் பாருங்கள். கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்க வேண்டும். கயிற்றுக்கு அடியில் மெத்தையோ மணலோ இருக்கிறதா பாருங்கள், எங்கள் சென்டரில் கட்டாந்தரை. போன பேட்சில் அடிபட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை என்ன செய்தீர்கள் என்று மாஸ்டரிடமே கேளுங்கள். "எங்க பசங்க யாருக்கும் அடிபட்டதே இல்லை" என்று சொன்னால் வேறு சென்டர் பாருங்கள். தினமும் தாண்டுகிற இடத்தில் யாருக்கும் கால் மடங்கவில்லை என்றால், யாரும் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

பணம் கேட்டேன். பயிற்சிக் கட்டணம் வராது என்றார், பொடி எழுத்தைக் காட்டினார். சாப்பிடாத நாளுக்கு மெஸ் பணம் 1,200-ஐ மட்டும் ஜி-பேயில் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி 2025 நவம்பர் எழுத்துத் தேர்வை வீட்டிலிருந்தே படித்து எழுதினான். சென்டர் வேண்டாம் என்றுவிட்டான். ஊர்ப் பள்ளிக்கூட மைதான ஓரத்தில் ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக் குழி வெட்டி, இரண்டு டிராக்டர் ஆற்று மணல் எங்கே கிடைக்கும் என்று அலைந்து, கடைசியில் சலித்த மண்ணே போதும் என்று போட்டுக்கொண்டான். மண்வெட்டி என் ஷெட்டில்தான் இருக்கும். காலையில் நான் கடை திறக்கும்போது சாத்தின இடத்தில் ஈர மண்ணோடு நிற்கும்.