இலியோஸ்டமி வைத்தவருக்கு எஸ்.ஆர். கேப்சூல்: ஆறு வார அனுபவம்

வயிற்றெரிச்சல் என்று சொன்னதுமே பெரும்பாலும் கைக்கு வருவது 40 மில்லிகிராம் பான்டோபிரசோலும் 30 மில்லிகிராம் டோம்பெரிடோனும் சேர்ந்த எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளியிடும்) கேப்சூல்தான். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய் காரணமாகப் பெருங்குடலை அகற்றி, இலியோஸ்டமி வைத்துக்கொண்டு (சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் ஸ்டோமா என்ற திறப்பாக வைத்து, கழிவு அதன்மேல் ஒட்டிய பையில் சேரும் ஏற்பாடு) நான் வீடு திரும்பியபோது, மருந்துப் பையில் அதுவும் இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என ஆறு வாரங்கள் எடுத்துக்கொண்டேன். எரிச்சல் தணிந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் ஸ்டோமா பையைக் காலி செய்து அலசியபோது, கசகசா அளவில் வெள்ளையும் மஞ்சளுமான குருணைகள் அதன் அடியில் ஒட்டியிருந்தன. முந்தைய நாள் ஜவ்வரிசி ஏதும் சாப்பிட்டேனா என்று யோசித்தேன், இல்லை. மறுநாள் ஒரு கேப்சூலைத் திறந்து தட்டில் கொட்டிப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது.

மேலுறை வயிற்றிலேயே கரைந்துவிட, உள்ளிருக்கும் குருணைகள் குடலில் இறங்குகின்றன. பான்டோபிரசோல் குருணைகளின் பூச்சு வயிற்று அமிலத்தைத் தாங்கிச் சிறுகுடலின் மேற்பகுதியில் கரைவதற்கானது. அதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் குறைவு. டோம்பெரிடோன் குருணைகளோ பல மணி நேரம் கசிய வேண்டியவை. சிறுகுடலை உணவு கடக்க ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரமே ஆகும். மீதி நேரத்துக்கு இவ்வகை மருந்துகள் பெருங்குடலை நம்பியிருக்கின்றன. அது இல்லாதவருக்கு மருந்து பாதி வேலையில் பைக்குள் விழுந்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, டோம்பெரிடோன் இரைப்பையை விரைவாகக் காலியாக்கும் மருந்து. ஏற்கெனவே நீராகப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது எதற்கு என்ற கேள்வியை நான் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். ஆனால் குருணையைக் கண்டதாலேயே மருந்து சேரவில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. சிலவற்றில் மருந்து வெளியேறிய பின்னும் வெற்று உருண்டை மிஞ்சும்.

வழக்கமான மருந்துக்கடையில் கேட்டபோது, "பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள்" என்றார்கள். நல்லவேளையாக நான் அதைச் செய்யவில்லை. பொடித்தால் ஒரு பூச்சு உடைந்து மருந்து அமிலத்தில் வீணாகும். இன்னொன்று உடைந்து, நாள் முழுவதற்குமான அளவு ஒரே மூச்சில் உடலில் இறங்கும். சில கேப்சூல்களைத் திறந்து, குருணைகளை மெல்லாமல் குழைவான உணவுடன் விழுங்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதனால் குடலின் நீளம் கூடிவிடப் போவதில்லை.

குருணைகளின் படத்தையும் மருந்து அட்டையையும் மருத்துவரிடம் காட்டினேன். டோம்பெரிடோனை நிறுத்தி, சாதாரண பான்டோபிரசோல் மாத்திரையை மட்டும் எழுதினார். எரிச்சல் திரும்பவில்லை. இதே சிக்கல் இரத்த அழுத்தம், வலிப்பு போன்றவற்றுக்கான மெதுவாக வெளியாகும் மருந்தில் என்றால் தாமாக நிறுத்துவது ஆபத்து. மெட்டோப்ரோலால் சக்சினேட் என்ற மெதுவாக வெளியாகும் இரத்த அழுத்த மருந்தை எடுப்பவருக்குத் தேவைப்பட்டால், அதன் உடனே வெளியாகும் டார்ட்ரேட் வடிவத்தை நாளுக்கு இருவேளையாகப் பிரித்துத் தர மருத்துவரால் முடியும். சிரப்புக்கு மாறுவோர் அதில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, அது வெளியேற்றத்தைக் கூட்டும்.

முழுக் குடல் உள்ளவருக்கு இந்தக் கேப்சூல் குறையற்றதாக இருக்கலாம். எனக்கு ஐந்துக்கு இரண்டுதான். மதிப்பெண் குறைந்ததில் அட்டைக்கும் பங்குண்டு: மருந்து மெதுவாக வெளியாகும் வகை என்பதைச் சொல்லும் வரி வெள்ளித்தாளில் எறும்பு அளவில் அச்சாகியிருக்கிறது, பத்தில் நான்கு கேட்டால் கடைக்காரர் கத்தரிப்பதும் சரியாக அந்த வரியின் குறுக்கே. இப்போதெல்லாம் பெயர் அச்சான துண்டையே எனக்குத் தரும்படி கேட்டு வாங்குகிறேன்.