உடைந்த ட்ரோன் கைக்கு மூங்கிலா, கார்பனா, போக்ஸ் கம்பியா?

சின்ன ட்ரோனைப் பலப்படுத்தக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எதை வைத்து ஒட்டினால் உடையாது? அப்படி ஒரு பொருள் கிடையாது. விழுகிற வேகம் எங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும். மோட்டாரைத் தாங்கும் கையைக் கெட்டியாக்கினால் அடி, மோட்டார் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்துக்குப் போகும். கிண்ணத்தையும் கெட்டியாக்கினால் உடம்புக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுக்குப் போகும். சில்லறைக் காசில் முடிய வேண்டிய சேதத்தை, ட்ரோனிலேயே விலை கூடிய பாகத்துக்குத் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம். அதனால் பொருளைத் தேர்வதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. எது உடைந்தால் பரவாயில்லை? எங்கே விழப்போகிறது?

இரண்டாவது கேள்விக்குச் சேலத்துக்காரர்களிடம் இரண்டு பதில் உண்டு. ஊருக்குள் பறக்கவிட்டால் விழுவது மொட்டை மாடித் தளத்தில், கைப்பிடிச் சுவரில், சிமெண்ட் ரோட்டில். அடி பலமாக விழும், ஆனால் ஒரே அடிதான். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் சில்வர் ஓக் கிளை, பிறகு அதில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, பிறகு காப்பிச் செடி, கடைசியில் சருகு. விழுகிற வழியெல்லாம் யாராவது பிடித்துப் பிடித்து விடுவதுபோல வேகம் குறைந்துவிடும். கை உடைவது அங்கே அபூர்வம். குச்சி சிக்கி மோட்டார் நிற்பது, வயர் பிடுங்கிக்கொள்வது, பனி ஈரம் இறங்குவது இவைதான் அங்கே தொல்லை. மாடிக்குச் செய்யும் பலமும் மலைக்குச் செய்யும் பலமும் வேறு வேறு.

நான் பேசுவது 80 முதல் 150 கிராம் வரையுள்ள பிளாஸ்டிக் உடம்பு ட்ரோன்களைப் பற்றி. கையின் நுனியில் ஒரு கிண்ணம், அதற்குள் 7 அல்லது 8.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன மோட்டார். தனியே வாங்கிக் கோத்த பெரிய ரேஸிங் ஃபிரேம்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது.

கையிலிருந்து ஆரம்பிப்போம். முதலில் உடைவது அதுதான், அதுவும் உடம்போடு சேருகிற இடத்தில்.

"மாமா, சைக்கிள் போக்ஸ் கம்பியை வெச்சுக் கட்டிட்டா ஜென்மத்துக்கும் உடையாதுல்ல?" என்றான் அக்கா மகன்.

"உடையாதுடா. பறக்கவும் பறக்காது."

கொஞ்சம் மிகைதான். ஆனால் கணக்கு என் பக்கம். கை 8 செ.மீ. நீளம் என்று வையுங்கள். 2 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 2 கிராம், நாலு கைக்கும் 8 கிராம். அதே தடிமனில் கார்பன் ஃபைபர் குச்சி ஒரு கைக்கு 0.4 கிராம்தான். எடையில் ஐந்து மடங்கு கொடுத்து எஃகில் நாம் வாங்கும் விறைப்பு இரண்டு மடங்குகூட இல்லை. இதில் பலருக்கு நம்பிக்கை வராத விஷயம் மூங்கில். 3 மி.மீ. மூங்கில் குச்சியும் அதே நீளத்துக்கு 0.4 கிராம் அளவில்தான் நிற்கும், 2 மி.மீ. கார்பனின் எடைதான். தடிமன் கூடினால் விறைப்பு மளமளவென்று ஏறும் என்பதால், அந்த எடைக்கு மூங்கில் கார்பனில் பாதிக்கு மேல் விறைப்பைத் தருகிறது. விலையைப் பார்த்தால் பேச்சே இல்லை.

8 கிராம் என்ன பெரிய எடை என்று தோன்றலாம். 80 கிராம் ட்ரோனில் அது பத்து சதம். எடை பத்து சதம் ஏறினால், அந்தரத்தில் சும்மா நிற்கவே சுமார் 15 சதம் கூடுதல் மின்திறன் வேண்டும். இதோடு ஏற்காடு ஏறினால் இன்னொரு வரி கட்ட வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் காதடைப்பதற்குக் காரணமான அதே அழுத்தக் குறைவால், மேலே காற்றின் அடர்த்தி பத்து சதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. ப்ரொப்பெல்லர் சுமார் 6 சதம் வேகமாகச் சுற்ற வேண்டும், மின்திறனும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். கீழே பத்து நிமிடம் நின்ற ட்ரோன் போக்ஸ் கம்பியோடு மேலே எட்டு நிமிடத்தில் தடுமாறும். நிமிடத்தைவிட முக்கியம், எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்கு மோட்டாரில் மிச்சம் இருக்கும் தெம்பு. பகோடா பாயிண்ட் மாதிரி விளிம்புகளில் பள்ளத்திலிருந்து காற்று மேலே ஏறி அடிக்கும்போது அந்த மிச்சம்தான் கைகொடுக்கும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். சமையலறைத் தராசு இதற்குப் போதாது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு நிறுக்கிற மாதிரி, கிராமின் பின்னம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும்.

ஆக எஃகு ஆட்டத்தில் இல்லை. மிச்சம் கார்பனும் மூங்கிலும்.

கார்பன் விறைப்பானது, ஈரம் குடிக்காது, நேராக வரும். உடைந்த பேட்மிண்டன் ராக்கெட் வீட்டில் கிடந்தால் அதன் தண்டே பல சமயம் கார்பன் குழாய்தான். சங்கடங்களும் உண்டு. அது மின்சாரம் கடத்தும், வயரின் தோல் உரிந்த இடத்தில் பட்டால் ஷார்ட். ரிமோட் சிக்னலையும் ஓரளவு மறைக்கும், ஆண்டெனா வயர் ஓடும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அறுக்கும்போது பறக்கிற தூள் நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டு அறுக்க வேண்டும். எனக்கு முக்கியமான குறை வேறு: கார்பன் சொல்லாமல் உடையும். அதுவரை வளையாமல் நின்றுவிட்டு, ஒரே அடியில் கூர்மையாகத் துண்டாகும். அந்த வினாடி வரை அடியை முழுசாக உள்ளே போர்டு பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

மூங்கில் நார் நாராகப் பிளக்கும். பாதி பிளந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும், ட்ரோன் நொண்டிக்கொண்டாவது இறங்கிவிடும். அது பிளப்பதற்குள் அடியின் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. சிமெண்ட் தளத்தில் விழப்போகிற ட்ரோனுக்கு நான் மூங்கில் கட்சி. கணு இல்லாத இடமாகப் பார்த்து எடுங்கள். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோல் பக்கம். கையின் அடிப்பக்கத்தில், தோல் கீழே பார்க்கும்படி வைத்துக் கட்ட வேண்டும். பறக்கும்போது மோட்டார் நுனியை மேலே தூக்குகிறது, இழுபடுவது அடிப்பக்கம். ரொம்பச் சின்ன ட்ரோனுக்கு ஊதுபத்திக் குச்சியே போதும், அதுவும் மூங்கில்தான். மலைக்குக் கொண்டுபோவதானால் மட்டும் வார்னிஷோ நெயில் பாலிஷோ ஒரு பூச்சு வேண்டும், இல்லையென்றால் ஈரம் குடித்துத் தளரும்.

எதை வைத்துக் கட்டுவது என்பதில் இவ்வளவு விவாதம் தேவையில்லை. நூல் சுற்றி அதன்மேல் ஃபெவிக்விக் நனைப்பதுதான் எடைக்கு எடை நல்ல கட்டு. நைலான் அல்லது பாலியஸ்டர் நூல் எடுங்கள். பருத்தி நூலோ பஞ்சோ பட்டால் அந்தப் பசை திடீரென்று சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும். பசை மட்டும் தனியே நின்றால் கடினமாக இறுகி, அதிர்ச்சியில் கண்ணாடி மாதிரி விடும். சமையல் சோடாத் தூளைத் தூவி அதன்மேல் சொட்டுவிடும் வித்தை சின்ன ஓட்டை அடைக்க நல்லது, கையின் மூட்டுக்கு உதவாது. நேரம் இருக்கிறதென்றால், ராத்திரி முழுக்கக் காய விடுகிற மெதுவான அரால்டைட் இன்னும் தாங்கும். எம்-சீல் தண்ணீர்க் குழாய்க்கு. மோட்டார் கிண்ணத்தில் விரிசல் இருந்தால், மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு சொட்டு பசை தண்டு வழியாக இறங்கினால் மோட்டார் அதோடு சரி.

த்ரீடி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் முழுக் கையையே புதிதாக அச்சடித்துவிடலாம். பார்க்க அழகு. ஆனால் சேலம் வெயிலை நினைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் அச்சடிக்கும் பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகும். சித்திரை மாதம் ஏரிக்கரையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள், டாஷ்போர்டு மேல் அந்தச் சூடு வந்துவிடும். பெட்-ஜி 80 டிகிரி வரை தாங்கும். டி.பி.யு. ரப்பர்போல வளைந்து நிமிரும், விழுந்தால் உடையாது. ஆனால் கை முழுவதும் அதில் செய்தால் பறக்கும்போது நுனி அதிர்ந்து, உள்ளே சாய்வை உணரும் ஜைரோவைக் குழப்பும். டி.பி.யு.வைக் கால்களுக்கும் மோட்டார் அடி மூடிக்கும் வைத்துக்கொள்வது சரி. கை எதில் அடித்தாலும் படுக்க வைத்து அடிக்கச் சொல்லுங்கள். நிற்க வைத்து அடித்தால் அடுக்குக்கு அடுக்கு விட்டுப்போகும். உடைந்ததும் மறுபடி அச்சுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், இது என் பட்டியலில் மூங்கிலுக்குக் கீழேதான்.

ப்ரொப்பெல்லர் வளையம் போடலாமா என்பது அடுத்த தகராறு. மாடியில் பறக்கவிட்டால் கட்டாயம் போடுங்கள். சுவரில் உரசினாலும் தப்பும், குழந்தைகள் விரலும் தப்பும். வளையம் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்காக இருந்தால், உடைந்தபின் சாதாரணப் பசை எதுவும் சரியாக ஒட்டாது. நூலால் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். மலையில் நான் கழற்றிவிடுவேன். வளையம் நாலும் சேர்ந்து காற்றைப் பிடிக்கும், எடையும் கூடும், கிளையில் மாட்டினால் கீழே வராது. கழற்றிய பின் சேதத்தைக் குறைப்பது விரல்தான். கிளையில் பட்டதும் த்ராட்டிலை அடியோடு இறக்கிவிட வேண்டும். குச்சி சிக்கிச் சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் மோட்டாரும் வேகும், போர்டில் அதை இயக்கும் சிறு சில்லும் வேகும். இதை எந்தக் குச்சியும் பசையும் தடுக்காது.

கால்களுக்குப் பழைய யோகா மேட்டிலிருந்து சின்னத் துண்டு வெட்டி ஒட்டினால் போதும். தெர்மோகோல் ஓரிரு தடவையில் நசுங்கிவிடும்.

க்ளூ கன்னை எல்லாரும் தப்பான இடத்தில் பிடிக்கிறார்கள். கையை ஒட்ட அது கனம், வெயிலில் இளகும். அதன் இடம் வயர் நுனி. மோட்டாரின் மெல்லிய வயர் அறுவது சாலிடர் முடியும் இடத்தில். அங்கே ஒரு பொட்டு வைத்தால் இழுப்பு சாலிடருக்குப் போகாது. காப்பிச் செடிக்குள் விழும் ட்ரோனுக்கு இந்த ஒரு பொட்டு கார்பன் கையைவிடப் பெரிய பலம். சிலிக்கான் வைப்பதானால் வினிகர் வாடை அடிக்கிற ரகம் வேண்டாம், செம்பை அரிக்கும்.

ஏற்காட்டு மூடுபனிக்குப் போர்டில் மெல்லிய பூச்சு தேவை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் ஒரு பக்கம், நிறமில்லாத நெயில் பாலிஷ் இன்னொரு பக்கம். பாலிஷ் மலிவு, வேலை செய்யும். ஆனால் பின்னால் சாலிடர் செய்யப் போனால் புகையும், சுரண்டி எடுக்க வேண்டும். எதைப் பூசினாலும் உயரம் அளக்கும் பாரோமீட்டரின் துளை, சார்ஜ் போடும் வாய், பேட்டரி இணைப்பு மூன்றையும் விட்டுவிட்டுப் பூசுங்கள். துளை அடைத்துக்கொண்டால் ட்ரோன் தான் இருக்கும் உயரம் தெரியாமல் ஏறும், இறங்கும்.

கட்டிக் கட்டி எடை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகை 250 கிராம் வரை. மேலே மாட்டும் எல்லாமும் அந்த எடையில் சேரும். தாண்டினால் மைக்ரோ வகை, நானோவுக்கு உள்ள வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கு அரசு தரும் ஒப்புதல்) விலக்கு அதற்குப் பொதுவாகக் கிடைக்காது. ஓமலூர் பக்கம் இருப்பவர்கள் எடை எவ்வளவானாலும் எங்கே பறக்கலாம் என்று அரசு காட்டும் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது, இயங்கும் நிலையத்தைச் சுற்றி 8 கி.மீ.க்குள் அனுமதி வேண்டும்.

கடைசியாகப் பேட்டரி. அசையக் கூடாது என்று டேப் போட்டு இறுக்குவார்கள் சிலர். வெல்க்ரோவே மேல். விழும்போது பேட்டரி கழன்று தெறித்துவிட்டால் போர்டுக்கு அந்தக் கனம் ஏறாது. ட்ரோனிலேயே கனமான ஒற்றைப் பொருள் பெரும்பாலும் அதுதான். தெறித்த லிப்போ பேட்டரி உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ மறுபடி சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். சருகு காய்ந்த மாசி, பங்குனியில் காட்டோரம் அதைத் தேடாமல் விட்டுவிட்டும் வராதீர்கள்.