ஓம் விதிக் கணிப்பானுடன் நான்கு ஆண்டுகள்: விடை சரி, கேள்வி சரியா?

கைபேசியில் ஓம் விதிக் கணிப்பான் ஒன்றை நிறுவி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என நான்கு கட்டங்கள் இருக்கும். அவற்றுள் எவையேனும் இரண்டை நிரப்பினால் மற்ற இரண்டும் வந்துவிடும். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டருடனும், பின்னர் வாங்கிய, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டருடனும் சேர்த்து, என் பழுதுபார்க்கும் மேசையில் இதை ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்துகிறேன். கணக்கு என்று பார்த்தால் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்தான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், இரண்டையும் பெருக்கினால் வாட். அதில் செயலி ஒருமுறைகூடத் தவறியதில்லை. தவறியவை நான் உள்ளிட்ட எண்களும், வந்த விடைக்கு நான் கொடுத்த பொருளும்தான்.

தொடக்க மாதங்களில் என்னை அதிகம் ஏமாற்றியது மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் ஓடும் ஒரு சிறு சுற்றின் தடை 600 ஓம், திறன் 0.24 வாட். அலகை மாற்றாமல் 20 என்று மட்டும் தட்டினால் 0.6 ஓம், 240 வாட் என்று செயலி சற்றும் தயங்காமல் சொல்லும். அலகைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் எண்ணுக்கு அருகிலேயே பெரிதாக இருக்க வேண்டும் என்பது இன்றுவரை என் குறை.

அதைவிட நுட்பமான பாடத்தை ஒரு 60 வாட் குண்டு பல்பு கற்றுக் கொடுத்தது. அணைந்திருந்த அதன் இழையை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளந்தபோது 65 ஓம் என்று காட்டியது. அந்த எண்ணை 230 வோல்ட்டுடன் சேர்த்து உள்ளிட்டதும், 814 வாட் என்று விடை வந்தது. பல்பு எரியும்போது ஓடிய மின்னோட்டத்தை அளந்தால் 0.26 ஆம்பியர், அதன்படி தடை ஏறத்தாழ 885 ஓம், திறன் 60 வாட்டை ஒட்டி வருகிறது. டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுவதால், இரண்டு அளவீடுகளுமே உண்மைதான். ஒன்று குளிர்ந்த இழைக்கும் மற்றொன்று எரியும் இழைக்கும் உரியது. சுவிட்சைப் போடும் கணத்தில்தான் பழைய பல்புகள் பெரும்பாலும் போய்விடும் என்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் கொண்டு கணக்கிடும் தடை, அந்தப் பொருள் வேலை செய்துகொண்டிருக்கும் நிலையில் உள்ள தடை என்பதே இந்த முறையின் பெரிய பலம்.

செயலி இந்தப் பல்புக்குக் காட்டிய முழு விடை 884.615 ஓம். மீட்டர் காட்டிய 0.26 என்பது 0.255 முதல் 0.265 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம் என்பதால், உண்மைத் தடை 868 முதல் 902 ஓம் வரை எங்கும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்வரும் மூன்று இலக்கங்கள் வெறும் அலங்காரம்.

நீர் சூடாக்கும் கம்பிச்சுருள்களில் நிலைமை எளிது. நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் சிறிதளவே மாறும். 230 வோல்ட்டில் 1500 வாட் எடுக்கும் சுருளின் தடை 35.3 ஓம், மின்னழுத்தம் 210 ஆகக் குறைந்தால் திறன் 1250 வாட்டுக்கு இறங்கிவிடும். ‘ஹீட்டர் பழுதாகிவிட்டது, தண்ணீர் சூடாக நேரம் எடுக்கிறது’ என்று வருபவர்களுக்கு இந்தக் கணக்கை மட்டும் காட்டி அனுப்பியதுண்டு.

மாறுதிசை மின்னோட்டத்தில் மோட்டார், எல்இடி விளக்கு போன்றவற்றுக்கு இந்தக் கணிப்பானை நான் நம்புவதில்லை. திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாகும் பங்கு) 0.5 உள்ள 9 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 0.078 ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 18 வரும். அது வோல்ட்-ஆம்பியர், வாட் ஆகாது. செயலியில் திறன் காரணிக்குக் கட்டமே இல்லை என்பதால், இவற்றுக்குத் தனி வாட் மீட்டர் ஒன்றையே பயன்படுத்துகிறேன்.

மீட்டரும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது என்பதை உணர எனக்கு ஓராண்டு பிடித்தது. 3 வோல்ட் மின்கலத்துடன் 10 ஓம் தடையை இணைத்து, இடையில் 1 ஓம் உள்தடை கொண்ட மீட்டரை வைத்தால், 0.3 ஆம்பியருக்குப் பதில் 0.27தான் ஓடும். மின்னழுத்தத்தை மின்கல முனைகளில் அளந்தால் விடை 11 ஓம் என்று வரும். தடையின் இரு முனைகளிலேயே அளந்தால் சரியான 10 ஓம் கிடைக்கும். மிகப் பெரிய தடைகளுக்கு இதன் தலைகீழ் பொருந்தும்: 10 மெகாஓம் உள்தடை கொண்ட வோல்ட்மீட்டரை 1 மெகாஓம் தடையின் குறுக்கே வைத்தால், அந்த இணைப்பின் தடை 0.91 மெகாஓம் ஆகிவிடும்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இதை நான் நீக்காமல் வைத்திருப்பதற்கு முதன்மையான காரணம், ஓம் நிலையில் அளக்கவே முடியாத மிகச் சிறிய தடைகள். மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை இருக்கும்போது, ஒரு மின்கல இணைப்பின் தடையை அதில் எப்படிப் பார்ப்பது? 12 வோல்ட் மின்கலக் கம்பியில் 20 ஆம்பியர் ஓடும்போது, சூடாகிக்கொண்டிருந்த முனை ஒன்றின் குறுக்கே 0.4 வோல்ட் இருந்தது. தடை 0.02 ஓம், அங்கே வீணாகும் திறன் 8 வாட். முனையைக் கழற்றி, பச்சை பூத்திருந்த பரப்பைத் தேய்த்து இறுக்கிய பின் அதே மின்னோட்டத்தில் 0.06 வோல்ட், திறன் 1.2 வாட்டாகக் குறைந்தது. தொட்டுப் பார்த்தால் சூடே தெரியவில்லை.

இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளந்தேன், சுற்று எத்தனை நிமிடம் ஓடியிருந்தது என்ற இரண்டையும் எழுதிவைக்கிறேன். செயலியில் அவற்றுக்கும் இடம் கொடுத்தால் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.