செர்ன் திறந்த தரவு: மதுரையிலிருந்து சில வருடப் பயன்பாடு

ஜெனீவா அருகே துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் திறந்த தரவுத் தளத்தை மதுரையில் எம்.எஸ்சி. மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்காகச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 2014-இல் தொடங்கிய தளம் அது. பணமும் கேட்பதில்லை, அனுமதிக் கடிதமும் கேட்பதில்லை. டேட்டாவை எடுப்பது சுலபம். ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும்போதுதான் வேலை வைக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, செர்னின் மோதல்களைப் பதிவுசெய்யும் கருவிகளில் ஒன்றான சி.எம்.எஸ். 2012-இல் பதிவுசெய்த இரட்டை மியூவான் கோப்பு. மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். சுமார் 2 ஜிபிக்குள் 6 கோடிக்கும் மேற்பட்ட நிகழ்வுகள், அதாவது மோதல் பதிவுகள். எங்கள் லேப் இன்டர்நெட்டில் பாதியில் நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி இரவில் போட்டுவிட்டுப் போவோம். பைத்தானும், இந்தக் கோப்புகளைப் படிக்கும் அப்ரூட் என்ற அதன் நூலகமும் இருந்தால் சாதாரண லேப்டாப் போதும். மியூவான் ஜோடிகளின் நிறையை வரைந்தால் 3.1 ஜிஇவியில் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) ஜே/சை, 9.5 பக்கத்தில் அப்சிலான், 91-இல் இசட் என்று ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சிகரம் எழும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரும் வரும் என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் பார்ப்பதே பெரிய விஷயம்!

ஹிக்ஸ் துகள் நான்கு லெப்டான்களாக (எலக்ட்ரான், மியூவான் போன்றவை) சிதைவதைத் தேடினால் 2011, 2012 இரண்டு வருட டேட்டாவும் வேண்டும், அவ்வளவு அரிது. முதலாவது 7 டிஇவி (ஒரு டிஇவி ஆயிரம் ஜிஇவி) ஆற்றலில் நடந்த மோதல், அடுத்தது 8. பதிவான நிகழ்வுகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஒப்பிடுவதற்காகக் கணினியில் உருவாக்கிய சிமுலேஷனை அப்படிக் கூட்ட முடியாது. ஆற்றல் மாறினால் ஒவ்வொரு வினையும் நடக்கும் வாய்ப்பும் மாறும். ஆகவே வினையின் குறுக்குப்பரப்பை (அந்த வாய்ப்பின் அளவு) அந்த வருடத்து லூமினாசிட்டியால் (எவ்வளவு மோதல் டேட்டா சேர்ந்தது என்பதன் அளவு) பெருக்கி, சிமுலேஷனில் உருவாக்கிய மொத்த நிகழ்வுகளால் வகுத்து எடை கொடுக்க வேண்டும். அப்புறம், தரம் பார்த்துத் தேறிய ரன்களின் (தொடர்ச்சியாக டேட்டா பதிவான நேரங்கள்) பட்டியல் ஒரு ஜேசன் கோப்பாகக் கிடைக்கும். அதை வைத்து வடிகட்டாவிட்டால் கருவி சரியாக இயங்காத நேரத்து மோதல்களும் உள்ளே வந்துவிடும், லூமினாசிட்டிக் கணக்கும் பொருந்தாது.

ஏ.ஓ.டி. என்ற பழைய வடிவக் கோப்புகளுக்கு அந்தக் காலத்து சி.எம்.எஸ். மென்பொருளையே டாக்கரில் (பழைய மென்பொருளை அதன் சூழலோடு ஓட்டும் கருவி) ஓட்ட வேண்டும், டிஸ்க்கைத் தின்றுவிடும். 2016 டேட்டா நானோ ஏ.ஓ.டி. என்ற சுருங்கிய, எளிய வடிவிலும் வந்த பிறகு நிம்மதி.

2024-இல் செர்னின் இன்னொரு கருவியான அட்லஸின் குழுவும் தன் 2015, 2016 டேட்டாவை ஆய்வுக்குத் திறந்துவிட்டது. “சார், ரெண்டையும் ஒரே ஹிஸ்டோகிராம்ல போட்டுரலாமா?” என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. கூடாது. கருவி வேறு, எந்த மோதலைப் பதிவது என்று தேர்ந்தெடுக்கும் டிரிகர் வேறு, நிறையை அளக்கும் துல்லியமும் வேறு. தனித்தனியாக ஆராய்ந்து, கடைசியில் லைக்லிஹுட் (ஒரு மதிப்பு டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் சார்பு) அளவில் சேர்க்க வேண்டும், இரண்டுக்கும் பொதுவான பிழைகள் எவை என்று பார்த்து. 2015-இல் இரு குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸின் நிறை 125.09 ± 0.24 ஜிஇவி என்று சொன்னது அப்படித்தான். அட்லஸ் தன் சில ஆய்வுகளின் முழு லைக்லிஹுட்டையும் துகள் இயற்பியல் முடிவுகளைச் சேர்த்துவைக்கும் ஹெப்டேட்டா தளத்தில் வைத்திருக்கிறது. ஜிபி கணக்கில் இறக்குவதைவிட இதில் விளையாடுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கையில் மூன்று மாதம்தான் என்றால் இசட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹிக்ஸுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு தொகுதியின் டி.ஓ.ஐ. எண்ணையும் (அதற்கான நிரந்தர அடையாள எண்) அன்றன்றே எழுதிவையுங்கள். ரிப்போர்ட் எழுதும் வாரத்தில் உட்கார்ந்து தேடினால், எந்தக் கோப்பு எந்தத் தொகுதியிலிருந்து வந்தது என்று பிடிபடாது.