கேரவனில் சுமை ஏற்றும் முறையும் நோஸ்வெயிட்டும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

காருக்குப் பின்னால் கேரவனை, அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட இழுவண்டியை, இழுத்துக்கொண்டு பிரிட்டன் சாலைகளில் பல ஆண்டுகளாகப் பயணம் செய்து வருகிறோம். பாதுகாப்பைப் பற்றி யாரேனும் கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: நோஸ்வெயிட் சரியாக இருக்க வேண்டும், ஆனால் அது எந்த வழியில் சரியாக வந்தது என்பது அதைவிட முக்கியம். கேரவனின் முன்முனை, காரின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டான டோபால் மீது செங்குத்தாக இறக்கும் எடையே நோஸ்வெயிட். அது குறைந்தால் ஓட்டத்தில் கேரவன் இடவலமாக ஆடத் தொடங்கும். அளவுக்கு மீறினால் காரின் பின்பக்கம் அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

எங்களுடையது ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) கேரவன். சுமையோடு சேர்த்து அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,400 கிலோ. இழுக்கும் காரின் எடை 1,650 கிலோ. கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று புதிதாக இழுப்பவர்களுக்கு இங்கே அறிவுரை கூறுவார்கள். அனுபவம் வந்த பிறகும் அதைக் கைவிட எங்களுக்கு மனம் வரவில்லை. நோஸ்வெயிட்டைப் பொறுத்தவரை, சுமை ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது பொதுவான வழிகாட்டுதல். எங்கள் கணக்கில் அது 70 முதல் 98 கிலோ. ஆனால் கார், டோபாலைத் தாங்கும் சட்டமான டோபார், டோபாலைக் கவ்விக்கொள்ளும் கேரவனின் ஹிட்ச் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. அவற்றில் எது குறைவோ அதுவே நம்மைக் கட்டுப்படுத்தும். எங்கள் ஹிட்ச் 100 கிலோ தாங்கும் என்றாலும் காரின் கையேடு 85 கிலோவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதால், 80 கிலோவையே இலக்காக வைத்திருக்கிறோம். அந்த 80 கிலோவும் காருக்கு அனுமதிக்கப்பட்ட சுமையில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அளப்பதற்கு ஸ்பிரிங் வைத்த நோஸ்வெயிட் கேஜ் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கேஜை ஹிட்சின் தலைக்கு நேர்கீழே வைத்து, முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலை மெதுவாக மேலே சுற்ற வேண்டும். ஜாக்கி வீல் தரையை விட்டுக் கிளம்பியதும் முழு எடையும் கேஜின் மேல் வந்துவிடும். அந்த நேரத்தில் ஹிட்ச், சுமை ஏற்றிய காரின் டோபால் இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். முன்முனை தாழ்ந்திருந்தால் எடை கூடுதலாகவும், உயர்ந்திருந்தால் குறைவாகவும் காட்டும். கேஜ் இல்லாதவர்கள் வீட்டு எடை மெஷின் மேல் அளவாக வெட்டிய மரக்கட்டையை நிறுத்தியும் அளக்கலாம். கட்டை நழுவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எண் சரியாக வந்துவிட்டது என்ற நிம்மதியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எங்கள் கேரவனில் ஹிட்சிலிருந்து ஆக்சில் வரை ஏறத்தாழ 4 மீட்டர். ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் 20 கிலோ பொருளை வைத்தால் நோஸ்வெயிட் 10 கிலோ குறையும். அதே பொருளை ஆக்சிலுக்கு நேர்மேலே வைத்தால் ஏறக்குறைய மாற்றமே இருக்காது. இப்போது ஒருவர் கேரவனின் பின்புறத்தில் சைக்கிள்களை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோஸ்வெயிட் குறைந்துவிட்டதைக் கண்டு, அதை ஈடுகட்ட முன்பெட்டியில் கருவிகளையும் கூடாரக் கம்பிகளையும் திணிக்கிறார். கேஜ் மீண்டும் 80 காட்டும். ஆனால் அந்தக் கேரவன், காவடித் தடியின் இரு நுனிகளிலும் குடம் கட்டித் தூக்குபவர் சட்டென்று திரும்பினால் குடங்கள் இழுத்துக்கொண்டு போவதைப் போல, ஒருமுறை ஆட்டம் தொடங்கினால் நிற்க மறுக்கும். ஆக்சிலிலிருந்து பொருளின் தூரம் இரண்டு மடங்கானால், ஆட்டத்தை அடங்கவிடாத அதன் நிலைமம் நான்கு மடங்காகிறது. காரும் டிரெய்லரும் அதிவேகத்தில் எவ்வளவு நிலையாக ஓடுகின்றன என்று பாத் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தபோதும், முன்முனை எடையோடு இந்தச் சுமைப் பரவலும் பெரிய பங்கு வகிப்பதைக் கண்டார்கள்.

ஆகவே கனமான எதுவும் எங்கள் கேரவனின் இரு முனைகளுக்கும் போவதில்லை. மடித்த ஆனிங் (கேரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரம்), அதன் கம்பிகள், உணவு டின்கள் எல்லாம் ஆக்சிலுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ தரையில் இருக்கும், நகராதபடி கட்டப்பட்டிருக்கும். மேல் அலமாரிகளில் துணிமணி, ரொட்டி, பிளாஸ்டிக் தட்டுகள் மட்டுமே. 40 லிட்டர் தண்ணீர் உருளை காலியாகவே வரும், ஏனெனில் நிரம்பினால் அது 40 கிலோ. வாட்டர் ஹீட்டரையும் கழிப்பறைத் தொட்டியையும் புறப்படும் முன் வடித்துவிடுவோம். அனுமதிக்கப்பட்ட 150 கிலோ சுமையில், காரில்லாமல் கேரவனை நகர்த்தப் பிற்பாடு பொருத்திய ‘மோட்டார் மூவர்’ என்ற சாதனமே ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதால், கருவிப்பெட்டி காரின் டிக்கிக்குப் போயிற்று. அது கேரவனுக்கு நல்லதாகவே முடிந்தது. கடைசியில் இரண்டு மூன்று கிலோ கூடக் குறைய வேண்டியிருந்தால், காலணிப் பையை முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி.

ஆட்டத்தை அடக்க, ஹிட்சிலேயே உராய்வுப் பட்டைகள் கொண்ட ஸ்டெபிலைசர் எங்களிடம் இருக்கிறது. நன்றாக உழைக்கிறது, டோபாலில் கிரீஸோ பெயின்டோ இல்லாமல் சுத்தமாகத் துடைத்து வைப்பதும், பட்டைகளின் தேய்மானத்தைப் பார்ப்பதும் நம் பொறுப்பு. ஆனால் அது தவறான சுமையைத் திருத்தும் சாதனம் அன்று. பட்டைகள் சிறிய ஆட்டங்களை விழுங்கிவிடுவதால், சுமையில் உள்ள கோளாறு ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகவும் கூடும்.

பென்னைன் மலைகளைக் கடக்கும் ஏ66 சாலையிலும், எம்6 ஷாப் மேட்டைக் கடக்கும் இடத்திலும் பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். அங்கே பெரிய லாரி முந்திச் செல்லும்போது முதலில் காற்று கேரவனைத் தள்ளும், பிறகு லாரி பக்கம் இழுக்கும். சுமையை நடுவில் குவித்து ஏற்றத் தொடங்கிய பிறகு, அந்தத் தள்ளலும் இழுவையும் ஒரே அசைவோடு அடங்கிவிடுவதை ஸ்டீயரிங்கில் தெளிவாக உணர்கிறோம். மோட்டார்வேயில் இழுத்துச் செல்வோருக்கு உச்ச வேகம் மணிக்கு 60 மைல்தான். இறக்கத்தில் அதையும் குறைத்துக்கொள்கிறோம். ஆட்டம் கண்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்கக் காத்திருக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. எவ்வளவு நன்றாக ஏற்றியிருந்தாலும் போகக் கூடாத சாலைகளும் உண்டு: வட யார்க்‌ஷயரில் ஏ170 சாலையின் சட்டன் பேங்க் ஏற்றத்தில் கேரவன்களுக்கு அனுமதியே இல்லை.

திரும்பும் நாளில் கணக்கு மாறிவிடும். முன்பெட்டியிலுள்ள 6 கிலோ கேஸ் தீர்ந்திருந்தால் நோஸ்வெயிட் ஐந்து கிலோவுக்கு அருகில் இறங்கியிருக்கும். மழையில் நனைந்த ஆனிங் போகும்போது இருந்ததைவிட நன்றாகவே கனக்கும். ஈரம் சொட்டுகிறதே என்று அதைப் பின்பக்கக் குளியலறையில் போடத்தான் கை போகும். நாங்கள் ஒரு தார்ப்பாயில் சுருட்டி, வழக்கமான இடத்திலேயே ஆக்சிலுக்கு மேல் வைத்துவிட்டு, காரோடு பூட்டும் முன் கேஜை இன்னொரு முறை வைத்துப் பார்க்கிறோம்.