ரிச்சி தெரு யுஎஸ்பி–டிடிஎல் அடாப்டர்: கெர்னல் பேனிக்கைப் பிடிக்க எது தேறும்?

லினக்ஸின் மையமான கெர்னல் மீள முடியாத பிழையில் நின்றுவிடுவதுதான் கெர்னல் பேனிக். அப்படி ஆனதும் பலரும் செய்வது, மொபைலை எடுத்து மானிட்டரைப் படம் பிடிப்பது. அந்தப் படத்தில் வால்தான் இருக்கும்: கால் ட்ரேஸின் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலின்) கடைசிப் பத்துப் பதினைந்து வரி, அதற்குக் கீழே "எண்ட் கெர்னல் பேனிக்". தலை ஏற்கெனவே மேலே ஓடிப்போயிருக்கும். "பக்:" என்று தொடங்கும் முதல் வரி, எந்த சிபியு, எந்த ப்ராசஸ், கெர்னல் பதிப்பு, டெயின்ட் குறி (வெளி மாட்யூல், முந்தைய பிழை போன்றவை உண்டா என்று காட்டும் எழுத்துகள்) எல்லாம் அந்தத் தலையில்தான் உண்டு. ரீபூட் செய்து ஜர்னலில் (சிஸ்டம் லாகில்) தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. விழுந்துவிட்ட கெர்னல் டிஸ்கில் எதை எழுதும்?

வெளியே இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த வரிகளைப் பிடித்து வைப்பதுதான் சீரியல் கன்சோல். அதற்கு வேண்டிய, சீரியல் பின்களை யுஎஸ்பியோடு இணைக்கும் அடாப்டர் சென்னை ரிச்சி தெருவில் சுமார் நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கடைக்காரரைப் பொறுத்தவரை எல்லாமே "யுஎஸ்பி டு டிடிஎல்"தான். உள்ளே இருக்கும் சிப்பை வைத்துப் பார்த்தால் நான்கு ரகம். ஆர்டினோவுக்கு ப்ரோக்ராம் ஏற்ற நான்கில் எதுவும் போதும். கெர்னல் லாக் பிடிக்க அப்படி இல்லை.

சிபி2102 போர்டு: ராஸ்பெர்ரி பை 3, 4, பீகிள்போன் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இதையே வாங்கலாம். இதன் டிஎக்ஸ் (அனுப்பும்) பின் எப்போதும் 3.3 வோல்ட்டில்தான் பேசும். போர்டில் 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் பின் பவர் எடுக்க மட்டுமே. தவறி போர்டைக் கொளுத்தும் வாய்ப்பு குறைவு. லினக்ஸில் டிரைவர் தேடவே வேண்டாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: வேகம் 1 மெகாபிட்டோடு நின்றுவிடும். ராக்சிப் சிப் உள்ள போர்டுகள் பெரும்பாலும் 15,00,000 பாட் (நொடிக்கு 15 லட்சம் பிட்) வேகத்தில் கன்சோலைத் திறக்கின்றன. அங்கே இதைச் செருகினால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். கம்பி தப்போ என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிச் செருகுவது வீண். பெயரின் கடைசியில் "என்" (N) சேர்ந்த சிபி2102என் 3 மெகாபிட் வரை போகும், ஆனால் பில்லிலும் பாக்கெட்டிலும் அந்த வித்தியாசத்தை எழுதமாட்டார்கள். மொபைல் கேமராவை ஜூம் செய்து சிப்பின் முதுகைப் படிக்க வேண்டும்.

சிஎச்340 நான்கிலும் மலிவு. 2 மெகாபிட் வரை போவதால் ராக்சிப்புக்கும் ஒத்துவரும். இதில் கவனிக்க இரண்டு விஷயம். முதலாவது வோல்டேஜ். போர்டில் ஒரு மஞ்சள் அல்லது கறுப்பு ஜம்பர் இருக்கும். அது 5 வோல்ட் பக்கம் இருந்தால் டிஎக்ஸும் 5 வோல்ட் ஆகிவிடலாம். ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஜம்பரில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் லைன் உயர்நிலையில்தான் நிற்கும், ஆகவே டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். 3.3க்குப் பக்கத்தில் காட்டினால் சரி. 4.5, 5 என்று காட்டினால் பையின் அருகே கொண்டுபோகவே வேண்டாம்.

இரண்டாவது, உபுண்டு 22.04. செருகியதும் அடாப்டரின் டிவைஸ் பெயரான டிடிஒய்யுஎஸ்பி0 தோன்றி ஒரே நொடியில் மறைந்துவிடும். அடாப்டர் செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் பிஆர்எல்டிடிஒய் என்ற பெயர் தெரிகிறதா பாருங்கள். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் மென்பொருள் அது. சிஎச்340இன் அடையாள எண்ணைப் பார்த்து பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பேக்கேஜை நீக்கினால் போதும்.

எஃப்டி232 சிப் அசலாக இருந்தால் நான்கில் இதுவே உசத்தி, 3 மெகாபிட் வரை சலனமில்லாமல் ஓடும். ஆனால் போலிகள் அதிகம். 2014இல் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர் போலி சிப்புகளின் ப்ராடக்ட் ஐடியைப் பூஜ்ஜியமாக்கி முடக்கியது. அப்படி முடங்கியவற்றையும் அடையாளம் காணும்படி லினக்ஸ் டிரைவரில் பூஜ்ஜிய ஐடி சேர்க்கப்பட்டது வேடிக்கையான பின்கதை. அசல்தான் வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் ஆர்டர் போடுங்கள். தெருக்கடையில் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

பிஎல்2303, நான்கு நிறக் கம்பிகளோடு வரும் கேபிள். சிப் பிளாஸ்டிக்குக்குள் மூடியிருப்பதால் எந்தத் தலைமுறை என்று கண்ணால் பார்க்க வழியில்லை. பழைய தலைமுறை என்றால் புதிய விண்டோஸ் டிரைவர் "2012லேயே நிறுத்தப்பட்டது" என்று சொல்லி ஒதுக்கிவிடும், லினக்ஸில் ஓடும். வேறு கிடைக்காதபோது வாங்கலாம். இதன் சிவப்புக் கம்பி 5 வோல்ட். அதை எங்கும் செருகாமல் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

கடையிலேயே சோதிக்க ஒரு லேப்டாப்பும் ஒரு ஜம்பர் கம்பியும் போதும். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் (வாங்கும் பின்) இரண்டையும் கம்பியால் இணைத்து, பிகோகாம் என்ற சீரியல் டெர்மினல் மென்பொருளில் வேகம் 115200 வைத்துத் தட்டினால் தட்டிய எழுத்து திரும்பி வர வேண்டும். ராக்சிப்புக்கு வாங்குவதானால் 15,00,000 வைத்தும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கவுன்டரை விட்டு நகர்ந்தபின் திருப்பி எடுக்கும் பழக்கம் அந்தத் தெருவில் குறைவு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும்.

கம்பி போடுவது மூன்றே மூன்று. பையில் 6ஆம் பின் கிரவுண்டு, 8 டிஎக்ஸ், 10 ஆர்எக்ஸ். அடாப்டரின் டிஎக்ஸ் பையின் ஆர்எக்ஸுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. ஒன்றுமே வரவில்லை என்றால் குறுக்கே போட மறந்திருப்பீர்கள். கிறுக்கல் வந்தால் வேகம் பொருந்தவில்லை, அல்லது கிரவுண்டு தொடவில்லை. எழுத்து வருகிறது, நீங்கள் தட்டுவது மட்டும் போகவில்லையா? மினிகாம் என்ற இன்னொரு டெர்மினலில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆனில் இருக்கும், அணையுங்கள். பை 3, 4இல் கான்ஃபிக் கோப்பில் யுஏஆர்டியை இயக்கும் வரியும் வேண்டும். பை 5இல் கன்சோல் இயல்பாக இந்தப் பின்களில் வராது. அதன் டீபக் கனெக்டர் தனி, மூன்று பின் உள்ள குட்டி சாக்கெட்.

நம்ம ஊர்ப் பழைய வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பல வீடுகளில் பிளக் பாயின்ட்டில் எர்த் துவாரம் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் டெஸ்க்டாப்பின் கேபினெட், எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக மெயின்ஸின் பாதி அளவு வோல்டேஜில் மிதக்கும். தொட்டால் விறுவிறுவென்று இருப்பது அதனால்தான். இரண்டு மெஷினையும் கம்பியால் இணைக்கும்போது அந்த வேறுபாடு அடாப்டர் வழியே பாயும், சில சமயம் அடாப்டரையே கொண்டுபோய்விடும். லாக் பிடிக்கும் லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், கிரவுண்டு கம்பியை முதலில் செருகுங்கள்.

டெஸ்க்டாப் மதர்போர்டில் "காம்" என்று எழுதிய ஒன்பது பின் ஹெடர் இருந்தால் அதில் இந்த அடாப்டரை நேராகச் செருகக் கூடாது. அது ஆர்எஸ்232, பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் பல வோல்ட் ஆடும். நடுவில் மேக்ஸ்3232 கன்வெர்ட்டர் வேண்டும். ஹெடரிலிருந்து எடுக்கும் பிராக்கெட் கேபிளிலும் இரண்டு வகை வயரிங் உண்டு, வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

லேப்டாப்தான் விழுகிறது என்றால் இந்த அடாப்டரை அதிலேயே செருகிப் பயனில்லை. யுஎஸ்பி இயங்க கெர்னலே உயிரோடு இருக்க வேண்டும். பேனிக் நேரத்தில் அது பேசாது. அங்கே லேன் கேபிள் போட்டு, கெர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோல் வையுங்கள், இன்னொரு மெஷினில் யுடிபி 6666 போர்ட்டில் கேளுங்கள். அல்லது விழுந்ததும் மெமரியைக் கோப்பாகச் சேமிக்கும் கேடம்ப்.

விழும் மெஷின் பக்கம்: கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியிலிருந்து "கொயட்" என்பதை எடுத்துவிட்டு, கன்சோலாக டிடிஒய்எஸ்0, வேகம் 115200, கூடவே "இக்னோர் லாக்லெவல்" சேர்க்க வேண்டும். போர்டுகளில் போர்ட்டின் பெயர் மாறும். பிகோகாமை லாக்ஃபைல் ஆப்ஷனோடு திறந்து வைத்துவிட்டு, பக் வரும்வரை காத்திராமல் வேண்டுமென்றே ஒரு பேனிக் உண்டாக்கிப் பாருங்கள்: முதலில் சிங்க் (எழுத வேண்டியதை டிஸ்கில் எழுதிவிட), பிறகு ரூட்டாக, கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ ட்ரிக்கர் கோப்பில் "சி" என்ற ஆங்கில எழுத்து. முதல் வரியிலிருந்து கடைசி வரை கோப்பில் விழுந்திருந்தால் கேபிள் தேறியது. மெஷின் உறைந்து நிற்கும் வகை பக் என்றால் பிகோகாமில் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் அழுத்தி பிரேக் அனுப்பி, ஐந்து நொடிக்குள் "டபிள்யூ" தட்டினால் சிக்கி நிற்கும் டாஸ்குகளின் பட்டியல் வரும். சிஸ்ஆர்க்யூவை முழுமையாக அனுமதிக்க முன்கூட்டியே 1 என்று வைத்திருக்க வேண்டும்; உபுண்டுவின் இயல்பு மதிப்பு 176, அதில் இது வராது.

115200 என்றால் நொடிக்கு 11,520 எழுத்துதான். ஒரு லட்சம் எழுத்து லாக் வெளியே வர ஒன்பது நொடி ஆகும். எல்லா டாஸ்கையும் கொட்டச் சொல்லி "டி" (T) தட்டினால், அந்தத் தாமதமே சிபியு சிக்கிக்கொண்டது என்ற சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கையை எழுப்பிவிடலாம். அதை இன்னொரு பக் என்று எழுதி அனுப்பாதீர்கள்.

பிடித்த லாகில் எத்தனை ஊப்ஸ் (கெர்னல் பிழை அறிக்கை) இருந்தாலும் முதலாவதுதான் முக்கியம். டெயின்ட் குறியில் "டி" (D) இருந்தால் அதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் வந்திருக்கிறது, மேலே தேடுங்கள். "பி" (P), "ஓ" (O) இருந்தால் வெளி மாட்யூல் ஏறியிருக்கிறது. அதில்லாமல் ஒருமுறை விழ வைத்துவிட்டுப் பிறகு கெர்னல் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள். அதே கெர்னலின் டீபக் தகவல் உள்ள விஎம்லினக்ஸ் கோப்பு இருந்தால், கெர்னல் மூலத்தோடு வரும் டீகோட் ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் ட்ரேஸின் ஒவ்வொரு வரிக்கும் கோப்பும் வரி எண்ணும் போட்டுத் தரும். கெட்-மெயின்டைனர் ஸ்கிரிப்ட்டில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று வரும். ப்ளெய்ன் டெக்ஸ்ட் மெயிலில் லாகை முழுசாக, வரி மடங்காமல் அனுப்புங்கள், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.