சிறு இருநிற ஹோஸ்டாக்கள்: மேப்பிள் நிழலில் எட்டு ஆண்டுகள்

டொரொன்டோவில் எங்கள் வீட்டுக்கு வடக்கே, புல்கூட முளைக்க மறுத்த மேப்பிள் மரத்தடியில், எட்டு ஆண்டுகளாகச் சிறு ஹோஸ்டாக்களை, அதாவது இலையழகுக்காக வளர்க்கப்படும் நிழல் தாங்கும் செடிகளை, வளர்த்து வருகிறேன். முதலில் நட்டவை மூன்று: வேட்டியின் கரைபோல இலையோரத்தில் வெள்ளை ஓடும் ஜிங்கோ கிரெய்க், மஞ்சள் கரையிட்ட கோல்டன் டியாரா, நடுவில் வெள்ளையும் ஓரத்தில் நீலப்பச்சையுமாக உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பண்டோராஸ் பாக்ஸ். கடையில் கண்ணைப் பறித்தது மூன்றாவதுதான். விலையும் அதற்கே அதிகம்.

நான்காம் ஆண்டுக்குள் முதல் இரண்டையும் பிரித்து நட வேண்டியிருந்தது, பண்டோராஸ் பாக்ஸோ ஆண்டுக்கு ஆண்டு இளைத்தது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை என்பதால், நடுப்பகுதி முழுவதும் வெளுத்த செடி ஓரத்திலுள்ள மெல்லிய பச்சையை மட்டும் நம்பி வாழ்கிறது. ஒரு வசந்தத்தில் அதன் அடியிலிருந்து முழுப் பச்சைத் தளிர் ஒன்று கொழுகொழுவென்று கிளம்பியபோது, செடி தேறிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அது தாய் நிறத்துக்குத் திரும்பும் தளிர். வேரோடு அகற்றாவிட்டால் வெள்ளைத் தளிர்களை நெருக்கி அழித்துவிடும்.

நத்தைகளைவிட எனக்கு அதிக இழப்பைத் தந்தது மார்ச் மாதம். பகலில் இளகி இரவில் உறையும் மண், ஆழமாக வேரூன்றாத இச்சிறு செடிகளை மேலே தள்ளிவிடுவதால், வெளியே தெரிந்த வேர்கள் காய்ந்து இரண்டு செடிகள் போயின. இப்போது நிலம் உறைந்த பிறகே இலை மூடாக்கு இடுகிறேன், பனி இளகும் நாட்களில் எழும்பிய செடிகளை விரலால் அழுத்திவிடுகிறேன். மேப்பிள் வேர்களோ மூன்றே ஆண்டுகளில் பாத்தியை நிரப்பிவிட்டன.

பிரித்து நடுவோர் ஒவ்வொரு செடிக்கும் இடையே கத்தியைச் சுத்தம் செய்வது அவசியம், ஏனெனில் ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் சாற்றின் வழியே பரவுகிறது. நரம்போரம் மை கசிந்தாற்போல் நிறம் பரவிய செடியொன்றைப் புதுவகை என்றெண்ணி வாங்கி வந்து, பிறகு குப்பையில் போட்டவன் நான்.

புதிதாகத் தொடங்குவோர் நடுவில் பச்சையும் ஓரத்தில் மட்டும் வெள்ளையோ மஞ்சளோ உள்ள வகைகளையே வாங்கலாம். பண்டோராஸ் பாக்ஸை நான் கைவிடவில்லை. நீர் எளிதில் வடிய உதவும் பர்லைட் துகள்கள் கலந்த மண் நிரப்பிய தொட்டியில், காலை வெயில் மட்டும் படும் வாசற்படியருகே வைத்திருக்கிறேன். குளிருறக்கம் இல்லாமல் அது அடுத்த ஆண்டு சரியாகத் துளிர்க்காது என்பதால், குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவராமல் சூடூட்டாத கராஜில் விடுகிறேன். சென்ற கோடையில் பதினொரு இலைகள் விட்டது.